வெள்ளைக்கால் கோழிகள்

கோயம்புத்தூரில் காற்றுக்கு உப்பில்லை. வந்திறங்கிய காலையில் எனக்கு முதலில் பட்டது அதுதான். யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் நின்று மூச்சை இழுத்தாலும் கடைசியில் கடல் ஒரு துளி நாக்கில் நிற்கும். இங்கே காற்று மேற்கு மலைகளின் இடைவெளி வழியாக வருகிறது. அந்தப் பக்கத்து மழையை முகர்ந்துவிட்டு, மழையை விட்டுவிட்டு வாசனையை மட்டும் எடுத்து வருகிறது.

தெருமுனை பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் டீக்கடையைத் தனியாகத் தேட வேண்டியதில்லை; பேக்கரிதான் டீக்கடை. பக்கத்தில் நின்றவர், "ஏனுங்க, வெளியூருங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"கல்யாணத்துக்குங்களா, ஆஸ்பத்திரிக்குங்களா?"

"கோழிக்கு."

அவர் ஒரு வாய் டீ குடித்தார். "அப்பப் பல்லடம் பஸ் ஏறுங்க," என்றார். அந்தக் குரலில் வியப்பே இல்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்துப் போனது அப்போதுதான்.

கோழி என் தங்கையின் கவலை. வதனி வவுனியாவுக்கு வெளியே இறைச்சிக் கோழி வளர்க்கிறாள். வளர்த்தாள் என்று எழுத வேண்டுமா என்பதே இந்தப் பயணத்தின் கேள்வி. சோளம் கிடைப்பது அருகிக்கொண்டே வந்தது. கிடைத்ததும் பூஞ்சை பிடித்து வந்தது. கடைசிக் கோழிகளை விற்றபின் கொட்டகையைக் கழுவிக் காயவிட்டவள் புதுக் குஞ்சு இறக்கவில்லை. அவளைச் சுற்றி அரிசி ஆலைகள். உடைந்த அரிசியும் தவிடும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

"சோளத்துக்குப் பதிலா இதுகளைக் குடுத்து வளக்கலாமெண்டு சொல்லுகினம் அண்ணா," என்றாள் தொலைபேசியில். "வளருமோ, வளந்தாலும் சனம் வாங்குமோ எண்டு எனக்குத் தெரியோணும்." வெறும் கொட்டகைக்குள் நின்று பேசினாள். தகரக் கூரை அவளுடைய ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்து ஒருமுறை திருப்பிச் சொன்னது.

பல்லடத்துக்குத் தெற்கே பண்ணை வைத்திருக்கும் சாந்தாமணி, கோழி வளர்ப்போரின் வாட்சப் குழு ஒன்றில் அவளுக்குப் பழக்கம். சோளமே இல்லாமல் ஒரு கொட்டகைக் கோழியை வளர்த்துக்கொண்டிருந்தார். படங்களும் அனுப்பினார். "வீடியோவில எல்லாக் கோழியும் வடிவுதான்," என்றாள் வதனி. "நீங்கள் சும்மாதானே திரியிறியள். ஒருக்காப் போய்க் கண்ணால பாத்திட்டு வாங்கோ."

வசனத்தில் கவிதை எழுதுகிற என் தொழிலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சும்மா திரிவது. ஐம்பதை நெருங்கும் வயதில் அதைவிடச் சரியான பெயரை நானும் கண்டுபிடித்துவிடவில்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கின. வெள்ளை இறக்கைகள், ஒவ்வொன்றும் தனித்தனி நிதானத்தில். எதையோ மறந்துவிட்டு அதை நினைவுக்குக் கொண்டுவரக் கையை மெல்லச் சுற்றுகிறவர்களைப் போல. பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது.

"ஏனுங்க, இதுக்குத் தாராபுரத்துக்கே டிக்கெட் எடுத்திருக்கலாமில்லீங்க?" என்றார் கண்டக்டர். கோபமாகத்தான் சொன்னார், அந்த 'ங்க' கோபத்தின் முனையை மழுக்கிவிட்டது. எங்கள் ஊரில் அன்பாகப் பேசினாலே சண்டை போலக் கேட்கும். இங்கே திட்டு வாங்கியவன் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறான்.

ஒரு வேலமரத்தடியில் நின்றேன். சாந்தாமணியின் கணவர் தங்கராசு மொபெட்டில் தேடி வந்தார். ஒல்லியான உடம்பு, சிரிப்பு மட்டும் பெரியது. முன்னால் ஒரு தவிட்டு மூட்டை, பின்னால் நான். "மூட்டையும் நீங்களும் ஒரே எடைங்க. வண்டி சாயாது," என்றார்.

பண்ணையை முதலில் காதால்தான் பார்த்தேன். தூரத்தில் மழை பெய்வது போல ஒரு சத்தம். வானம் வெளுத்துக் கிடந்தது. அருகே போனபோது அது ஆயிரக்கணக்கான அலகுகள் தீவனத் தட்டில் படும் ஓசை என்று தெரிந்தது. பக்கவாட்டுப் படுதாக்களைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். உள்ளே தென்னை நார்க்கழிவு பரப்பிய தரையில் வெள்ளைக் கோழிகள், கண்ணுக்கெட்டிய தூரம். மேகம் ஒன்று களைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. சாந்தாமணி அதன் நடுவே நடந்து வந்தார். மேகம் பிளந்து வழிவிட்டு, அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"தள்ளு கண்ணு, தள்ளு," என்றார் காலடிக் கோழி ஒன்றிடம். அப்புறம் என்னிடம், "வாங்கண்ணா. தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?"

அன்று சந்தகை செய்திருந்தார்கள். அரிசி மாவைப் பிழிந்த நூல். எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நாங்கள் அதன்மேல் உப்பும் புளிப்புமாய்ச் சொதி ஊற்றுவோம். இவர்கள் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றினார்கள். ஒரே முகம், வேறு குரல். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.

*

மறுநாள் தீவன அறை. நொய்யரிசி ஒரு குவியல், எண்ணெய் எடுத்த தவிடு ஒரு குவியல். மூன்றாவது, எரிசாராய ஆலையில் தானியத்தைப் புளிக்க வைத்து வடித்தபின் மிஞ்சும் சக்கை. உலர்ந்து, பழுப்பாக, நேற்றைய ரொட்டியின் வாசனையோடு. சோயாப் புண்ணாக்கு வழக்கம்போல. நாங்கள் சோளம் என்பதை இங்கே மக்காச்சோளம் என்கிறார்கள். அதில் ஒரு மணிகூட இல்லை.

"இது எல்லாத்துலயும் சத்து இருக்குதுங்கண்ணா. ஆனா பூட்டிக் கெடக்குது," என்றார் சாந்தாமணி. "தவிட்டுல இருக்கற பாஸ்பரஸு கோழி வயித்துக்குத் தொறக்காது. இந்த நாரு குடலுக்குள்ள போனாப் பசையாட்டப் புடிச்சுக்கும். மொதத் தடவை சும்மாவே போட்டுப்போட்டமுங்க. கொட்டாயெல்லாம் களி. கோழி கால வெக்க எடமில்ல."

"பிறகு?"

அவர் வீட்டுக்குள் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிநிறப் பை. என்சைம். வாசனையில்லாத, நிறமில்லாத ஒரு பொடி. பூட்டைத் திறக்கிற சாவி அதுதான்.

அதைக் கலக்கும் விதம் பார்க்க வேண்டியது. ஒரு கையளவுப் பொடியை முதலில் ஒரு முறம் தவிட்டில் போட்டுப் புரட்டினார். அந்த முறத்தை ஓர் அண்டாத் தவிட்டில். அந்த அண்டாவை ஒரு குவியலில். குவியலைக் கலவை இயந்திரத்தில். ஒவ்வொரு மணிக்கும் அதில் ஒரு துகளாவது போய்ச் சேர வேண்டும். அவசரப்பட்டால் ஒரு கோழிக்கு எல்லாம், மற்றதற்கு ஒன்றுமில்லை. கம்பெனித் தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் குச்சியாக்குகிறார்கள். சூடு மிஞ்சினால் என்சைம் செத்துப் போகும் என்று இவர் பொடியாகவே போடுகிறார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கம் பக்கமாக எழுதியும் ஒரு சொல் எல்லா வரிக்கும் போய்ச் சேராமல் போன நாட்கள் நினைவுக்கு வந்தன.

முன்பு இவர்களும் கம்பெனிக்குத்தான் வளர்த்தார்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுத்தால் கூலி. "நம்ம கொட்டாய்ல நாமளே கூலிக்கு இருக்கறதுங்க," என்றார் சாந்தாமணி. அதை விட்டுவிட்டுச் சொந்தமாக இறங்கியிருக்கிறார். இந்தக் கொட்டகை எடுபட்டால் நிற்கலாம். எடுபடாவிட்டால் மறுபடி கம்பெனி வாசல். அதை அவர் என்னிடம் சொல்லும்போது குரல் மாறவில்லை. கை மட்டும் முறத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் வியாபாரி கிட்டுசாமி முன்கூட்டிப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நிதானமான ஆள். தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கடைகளுக்குக் கோழி எடுக்கிறவர். கொட்டகைக்குள் போய் ஒரு கோழியைத் தூக்கினார். மார்புச் சிறகை ஊதிப் பிரித்துத் தோலைப் பார்த்தார். அலகைப் பார்த்தார். காலைப் பிடித்து வெயிலில் காட்டினார்.

"எடை நல்லாத்தான் இருக்குது. காலு என்ன அம்மணி, வெள்ளைக்காரன் காலாட்ட இருக்குது?"

கோழியின் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் மக்காச்சோளத்தின் நிறம். அரிசி தின்ற கோழிக்கு அது ஏறாது. சாந்தாமணி சொன்னார். கிட்டுசாமி கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது நெசமா இருக்கும். ஆனா என்ற கடைக்காரங்க தோலோட தொங்க உடறாங்க. வாங்க வர்றவன் வெளுத்த கோழியப் பாத்தா ரத்தமில்லாத கோழின்னு அடுத்த கடைக்குப் போயிருவான்." கோழியைப் பதமாக இறக்கி விட்டார். "அடுத்த வாரம் வண்டியோட வாரேன். அப்பப் பாக்கலாம்."

சாப்பிடக் கூப்பிட்டார்கள். மறுத்தார். "வேவாரம் முடியாத எடத்துல கை நனைக்கறதில்லீங்க." மோரும் வேண்டாம் என்றார். தண்ணீர் மட்டும், அதுவும் சொம்பை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொண்டு போனார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இங்கே இப்படித்தானாம். பேச்சு முடியும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார்கள். ஒரு வாய் சோறு இங்கே சம்மதத்தின் கையெழுத்து.

*

சாந்தாமணிக்குப் பவானியில் அண்ணன் மகள் வயதுக்கு வந்த சீர். போகாமல் இருக்க முடியாது. "ரெண்டு நாள்ல வந்தர்றேன். தட்டு காலியாகாமப் பாத்துக்குங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் தங்கராசு என் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய சிரிப்பு.

"அண்ணா, ஈரோடு பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"மஞ்சளுக்கு ஒரு ஊருங்க அது. நம்ம கோழி காலுல இல்லாத மஞ்சள் அங்க மூட்டை மூட்டையாக் கெடக்குது. கெழங்க உருளையில போட்டுச் சுத்தறப்ப உதுருற தூசிய ஒதுக்கிப் போடுவாங்க. அதைத் தீவனத்துல கலந்துட்டா?"

சாந்தாமணிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"காலு மஞ்சளானப்பறம் அவளே பாத்துக்கட்டுமுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

யோசித்துப் பார்த்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மனக்கண்ணில் அதற்குள் ஒரு கொட்டகை முழுக்க மஞ்சளாகிவிட்டது. தலையாட்டினேன்.

ஈரோட்டில் அந்த உருளைகள் சுழன்ற இடத்தை மறக்க மாட்டேன். துளையிட்ட இரும்புப் பீப்பாய்கள். உள்ளே காய்ந்த மஞ்சள் கிழங்குகள் ஒன்றோடொன்று உரசி மெருகேறும் கடகடப்பு. அங்கே காற்றுக்கே நிறம் இருந்தது. கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் தங்கக் கழியாக நின்றது. கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளலாம். வேலை செய்த பெண்களின் இமைமயிரில் மஞ்சள். ஒருத்தி தும்மினாள். ஒரு சிறிய மஞ்சள் மேகம் அவள் முன்னால் எழுந்து, யோசித்து, இறங்கியது.

குட்டியானை என்று இவர்கள் சொல்லும் சிறு சரக்கு வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பெருந்துறை தாண்டியதும் தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்தது. ஒரு மூட்டை வாய் பிளந்தது. நாங்கள் நிறுத்தி ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் காற்று தன் பங்கை எடுத்து எங்கள் மேல் பூசிவிட்டது. தலை, மீசை, சட்டை, செருப்பு. அந்தக் கோலத்தில் ஒரு பேக்கரியில் டீ கேட்டோம். கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"எந்தக் கோயில்லீங்க மஞ்ச நீராட்டு?"

"கோழிக்கோயிலுங்க," என்றார் தங்கராசு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அன்று மாலையே கலந்தோம். தங்கராசு கை நிறைய அள்ளிப் போட்டார். முறம், அண்டா, குவியல் என்ற படிகளெல்லாம் இல்லை. ஈத் தொல்லை குறையட்டும் என்று கொட்டகை வாசலில் இரண்டு கொத்து வேப்பிலையும் கட்டினார்.

அடுத்த இரண்டு நாளும் நான் கனவுக்குள் இருந்தேன். விடிகாலையில் படுதாவைச் சுருட்டும்போது கிழக்கு வெளிச்சம் நீளவாக்கில் உள்ளே வரும். கோழிகள் தட்டில் தலையை விட்டு எடுக்கும். அலகு மஞ்சள், முகம் மஞ்சள், மார்பு மஞ்சள். இறக்கையை அடித்தால் பக்கத்துக் கோழிக்கும் மஞ்சள். வெள்ளை மேகத்துக்குள் யாரோ விளக்கேற்றியது போல இருந்தது. நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினேன். அடித்தேன். கொட்டகையே எழுதிவிட்டதை நான் எதற்கு எழுத வேண்டும்?

கால்களைப் பார்க்க மறந்துவிட்டேன்.

*

சாந்தாமணி மதியப் பஸ்ஸில் வந்தார். பையைக் கீழே வைத்தார். கொட்டகை வாசலில் நின்று வேப்பிலையைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க."

"என்ன அம்மணி?"

"நான் பவானிக்குச் சீருக்குப் போயிருந்தனுங்க. நீங்க இங்க சீரு வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. எத்தனை புள்ளைங்க வயசுக்கு வந்துச்சுங்க?"

தங்கராசு தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒறம்பரையா வந்த அண்ணனும் கூட நின்னு மஞ்சத்தண்ணி ஊத்துனீங்களாக்கும்," என்றார் என்னிடம். குரல் அதே மென்மை. இந்த மொழியில் திட்டு வாங்குவது தேனில் நனைத்த பிரம்பால் அடி வாங்குவது என்று அன்று தெரிந்தது.

ஒரு கோழியைத் தூக்கினார். குழாயடியில் காலைக் கழுவினார். மஞ்சள் தண்ணீராக ஓடிப் போயிற்று. கால் வெள்ளையாக, முன்னைவிட வெள்ளையாக நின்றது.

"இது ரத்தத்துல ஏறாதுங்க. மேல ஒட்டும், கழுவுனாப் போயிரும். என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்." கோழியின் ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றினார். "நாளைக்குக் கிட்டுசாமியண்ணன் வராரு."

தட்டுகளைக் காலி செய்து பழைய கலவையைப் போட்டோம். கோழிகளைக் கழுவ முடியாது, அத்தனை கோழி. பொழுது சாயும்வரை மூன்று பேரும் தட்டுகளைத் துடைத்தோம். இந்த எடைக்கு வந்த கோழி காத்திருக்காது. இன்னும் ஒரு வாரம் நின்றால் வெயில் தாங்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சடைத்துச் சாயும். அதைத் தங்கராசு எனக்கு மெல்லச் சொன்னார். அந்தப் பெரிய சிரிப்பைக் காணவில்லை. வேப்பிலையை அவிழ்க்க வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

*

காலையில் கிட்டுசாமியின் மோட்டார் சைக்கிள் முன்னால், கூண்டு வண்டி பின்னால். வாசல் கதவுக்கு அந்தப் பக்கமே வண்டி நின்றது. அவர் இறங்கினார். வாசலில் வேப்பிலை. அதற்குப் பின்னால் மஞ்சள் பூசிய கோழிகள். செருப்பைக் கழற்றினார். கை கூப்பினார்.

"ஏம்மணி, ஆத்தா வந்திருக்குதா?"

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள், மஞ்சள் பூசுவார்கள். வெளியாள் அந்த வாசலை மிதிக்க மாட்டான். அங்கே விலை பேச மாட்டான். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். நான் கண்டு ரசித்த மஞ்சள், இவருக்கு வேறொரு செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"இல்லீங்கண்ணா, அதெல்லாம் ஒண்ணும்..." என்று தங்கராசு கதவைத் திறக்கப் போனார்.

"தொறக்காத தங்கராசு. கோழிக்கும் அம்மை வருமப்பா. நான் இங்க மிதிச்சுட்டு இன்னும் நாலு பண்ணைக்குப் போகோணும்." வண்டிக்காரரிடம் திருப்பச் சொல்லிக் கைகாட்டினார்.

வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. தங்கராசு கதவைப் பிடித்தபடி நின்றார். சாந்தாமணி ஓடவில்லை. கொட்டகைக்குள் போய் ஒரு கோழியோடு வந்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கதவருகே வைத்தார். கிட்டுசாமியின் கண் முன்னால் கோழியை நனைத்து, அலகை, முகத்தை, காலை விரலால் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் வாளிக்குள் இறங்கியது.

"கொப்புளம் இருந்தாக் காட்டுங்கண்ணா. கொண்டையில பாருங்க, கண்ணோரம் பாருங்க. இது ஆத்தா வெச்சதில்ல, இவரு வெச்சதுங்க. காலு வெளுத்திருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு ஈரோடு போய்ப் பவுடர் வாங்கியாந்து பூசிப்போட்டாரு."

கிட்டுசாமி கோழியைப் பார்த்தார். பிறகு தங்கராசுவைப் பார்த்தார். "மெய்யாலுமா?"

தங்கராசு தலையசைத்தார்.

"கோழிக்கு முன்னால உன்ற தலைக்குத்தாண்டா வேப்பல கட்டோணும்." சிரிக்கவில்லை. ஆனால் வண்டிக்காரரிடம் கை உயர்ந்தது. வண்டி நின்றது. "சரி, அம்மை இல்ல. வெளுப்பு வெளுப்புத்தானே அம்மணி?"

"அறுத்துப் பாத்துருங்கண்ணா," என்றார் சாந்தாமணி.

கிட்டுசாமியே அறுத்தார். கைதேர்ந்த வேகம். ஈரலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கருஞ்சிவப்பாக, கறையில்லாமல் பளபளத்தது. இரைப்பையைக் கீறி விரல் வைத்துப் பார்த்தார். கொழுப்பு மஞ்சளாக இல்லை. தேங்காய்ப் பருப்பு போல வெள்ளையாக இருந்தது. நெஞ்சுக்கறியை அழுத்தினார். குடலைத் தடவினார். "பசையில்ல," என்றார் தனக்குள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வேலியோரமாகப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

மேற்கே பார்த்து நின்று நெடுநேரம் பேசினார். காற்று அவர் சொற்களை எங்களிடம் கொண்டுவரவில்லை. சாந்தாமணி வாளியின் மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் காற்றாலை ஒன்று நின்றே போய்விட்டது போலத் தோன்றியது. நான் வதனியின் கொட்டகையை நினைத்தேன். அதன் தரை இந்நேரம் எப்படி வெளுத்துக் காய்ந்து கிடக்கும்.

கிட்டுசாமி திரும்பி வந்தார். அறுத்த கோழியைப் பார்த்தார்.

"ஏம்மணி, இதச் சும்மா போட்டு வெச்சா ஈ மொய்க்குது. பள்ளிபாளையம் வகையில வறுத்துரு. கை நனைச்சுட்டே போறேன்."

தங்கராசு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாந்தாமணி வெங்காயம் எடுக்க வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இலையில் சோறு. கறி வரமிளகாய்ச் சிவப்பில், தேங்காய்ச் சில்லுகளோடு. கிட்டுசாமி முதல் கவளத்தை எடுத்தார்.

"வாளையாறு தாண்டிட்டாக் கேரளாவுல கோழியத் தோலு உரிச்சுத்தான் விப்பாங்க. காலு என்ன நெறம்னு அங்க ஆரு கேக்கறா? பாலக்காட்டுல ஒருத்தரு எல்லாத்தையும் எடுத்துக்கறமுன்னு சொல்லிப்போட்டாரு." மென்றார். "கறி நெம்ப மெதுவா இருக்குது. இத உரிக்காமத் திங்கறதும் நல்லாத்தான் இருக்குது, அது வேற. அடுத்த தடவை என்ற கடைக்கு வேணுமுன்னா, கடைசியில கொஞ்சம் மக்காச்சோளம் காட்டு அம்மணி. மஞ்சத்தூள் காட்டாத."

"அவருகிட்டச் சொல்லுங்க," என்றார் சாந்தாமணி.

"அவனுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடு. மூணு நாளாத் திங்காதவனாட்ட இருக்கறான்."

*

வெயில் தணிந்ததும் கோழிகளை ஏற்றினார்கள். கைமாறிக் கைமாறிக் கூண்டுகளுக்குள் போயின. கடைசிக் கூண்டு ஏறியபோது கொட்டகையில் மழைச் சத்தம் நின்றிருந்தது. வண்டி மேற்கே திரும்பி, அதே மலை இடைவெளியை நோக்கிப் போயிற்று. காற்று எதிரே வந்து சில சிறகுகளைப் பிடுங்கித் திருப்பி அனுப்பியது. பாதி வெள்ளை, பாதி மஞ்சள். ஒன்று என் தோளில் தங்கிற்று.

சாந்தாமணி காலிக் கொட்டகையில் ஒரு முறை நடந்துவிட்டு வந்தார். "கழுவிக் காயப் போடோணும். குஞ்சு வர்றதுக்குள்ள தவுடு வாங்கோணும்," என்றார் கணவரிடம், ஒன்றுமே நடக்காதது போல. "ஈரோட்டுப் பக்கமே போகாதீங்க."

நான் வேலியோரம் கிட்டுசாமி நின்ற இடத்துக்குப் போய் வதனியை அழைத்தேன். அவள் நலம் கேட்கவில்லை.

"வாங்கினவையே அண்ணா?"

"வாங்கினவை. கால் வெள்ளை. அதை மறைக்க வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தோல் உரிச்சு விக்கிற ஊருக்குத்தான் போகுது. தோலோட விக்கிற கடையில வேண்டமாட்டினம்."

"எங்கட ஆக்கள் உரிச்ச கோழியெல்லோ கேக்கிறவை," என்றாள் மெதுவாக.

எங்கள் சந்தையில் எத்தனை தடவை உரித்த கோழி வாங்கிப் பையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். அது ஒரு பதில் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"என்சைம்?"

"முறத்தில, பிறகு அண்டாவில, பிறகு குவியலில. அவசரப்படக் கூடாது. சாந்தாமணியக்கா சொல்லித் தருவா."

"அப்ப, குஞ்சுக்குச் சொல்லட்டே?"

கேள்வி இரண்டு தடவை வந்தது. ஒன்று அவள் குரலில். மற்றது சற்றுப் பின்னால், தகரத்தில் பட்டு. இந்த அழைப்புக்காக அவள் கொட்டகைக்குள் போய், தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள்.

"சொல்லு," என்றேன்.

அதுவும் ஒருமுறை திரும்பி வந்தது.